நொறுங்குண்ட இருதயமும் நிறைவான ஆசீர்வாதமும்



மும்பையிலும் புனேயிலும் வாழும் நம்மில் பலர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தௌண்ட், சோலாப்பூர் வழியாகச் செல்லும் இரயிலிலேயே பயணம் செய்கிறோம். புனேயை விட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்தபின், தௌண்ட் சந்திப்பு வருவதற்கு முன்னே, கேட்காவ் என்னும் சிறிய நிலையம் ஒன்று ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும். நெடுந்தூர விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. நாமும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்ப்பதிலும், பிள்ளைகளுக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்பதிலும் மூழ்கி, அதைக் கவனியாமலே கடந்துவிடுகிறோம்.

ஆனால் பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டதும் ஒரு நிமிடம் கர்த்தரைத் துதிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அசூசா தெருவில் எழுப்புதல் தொடங்கியதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, 1905-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், இந்தக் கேட்காவில் இருந்த 'முக்தி' இல்லத்தில் பரிசுத்த ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். அவர் தேடி வந்தது வேதபண்டிதர்களின் மாநாட்டை அன்று. பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த சிறுமிகள், குடும்பத்தாரால் தள்ளப்பட்ட இளம் விதவைகள், ஒரு வேளைச் சோற்றுக்கு வழியற்றிருந்த பெண்கள் ஆகியோர் மீதே அந்த அக்கினி இறங்கியது. அவர்களை ஒன்று சேர்த்துத் தாயாய் நின்றவர் பண்டித ரமாபாய் அம்மையார்.

அவருடைய வாழ்க்கையை முன்வைத்து, நொறுங்குதல் என்பதைக் குறித்து இம்மாதம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். தன்னை உடைக்கும்படி ஆண்டவரிடம் மன்றாடாத உபவாசக் கூட்டமே நம்மிடையே இல்லை எனலாம். ஆனால், எதை உடைக்கும்படி கேட்கிறோம் என்று என்றைக்காவது நிதானித்துப் பார்த்திருக்கிறோமா? நம் வாழ்வில் உடைந்துபோனவை பல இருக்கலாம். உடைய வேண்டியது உடைந்ததா என்பதே கேள்வி.

ஒரு துண்டுக் கம்பு ரொட்டி

ரமாபாய் அம்மையார் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலக் காட்டில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்கரே பெரும் சமஸ்கிருத அறிஞர். பெண்கள் சமஸ்கிருதம் கற்கலாகாது என்று பண்டிதர்கள் கருதிய அக்காலத்தில், தம் மனைவிக்கு அதைக் கற்பித்து, அதன் நிமித்தம் பகையையும் சம்பாதித்துக்கொண்டவர். ரமாபாய் அந்தத் தாயின் மடியிலேயே பாடம் கற்றார். குடும்பம் தீர்த்தம் தீர்த்தமாய் நடந்து, புராணங்களை வாசித்து, கேட்போர் தரும் காணிக்கையால் பிழைத்தது.

1870-களில் சென்னை மாகாணப் பகுதிகளில் கொடிய பஞ்சம் பரவியது. கையிலிருந்த பொருளெல்லாம் தீர்ந்தது. கூலி வேலை செய்யத் தெரியாது. பிச்சை கேட்கவோ குலப்பெருமை இடங்கொடுக்கவில்லை. இதை அம்மையாரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். திருப்பதி மலைக்காடுகளில் இலைகளைத் தின்று அந்தக் குடும்பம் அலைந்தது. பார்வை மங்கிய முதிய தகப்பனார் முதலில் மரித்தார். தாயார் காய்ச்சலில் விழுந்தார்.

அப்பொழுது நடந்த ஒரு நிகழ்ச்சியை அம்மையார் சொல்லும் விதம் கல்நெஞ்சையும் கரைக்கும். சாகக் கிடக்கும் தாய் உணவு கேட்கிறாள். மகள் அயல்வீட்டுப் பெண்ணிடம் போகிறாள். அந்த அம்மாள் அன்பாய்ப் பேசுகிறாள். ஒரு துண்டுக் கம்பு ரொட்டி கேட்டால் போதும். ஆனால் வாய் திறக்கவில்லை. வெட்கம் நாவைக் கட்டிவிட்டது. அழுகையை முகத்தில் காட்டாமல் அடக்குகிறாள். ஆயிரக்கணக்கான சுலோகங்களை மடை திறந்ததுபோல் சொல்லக்கூடிய அந்த நாவால் 'ரொட்டி' என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாளே குறிப்பறிந்து கேட்ட பிறகுதான் சொல்கிறாள். ரொட்டியைப் பெற்றுக்கொண்டு ஓடி வந்தபோது, தாய்க்கு அதை உண்ணும் நிலை கடந்துவிட்டிருந்தது. சில நாட்களில் தாயும், சில மாதங்களுக்குள் மூத்த சகோதரியும் மரித்துப்போனார்கள்.

அன்பானவர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வீடு இல்லை, உணவு இல்லை, தகப்பன் இல்லை. எல்லாம் உடைந்துவிட்டது. ஆயினும் உள்ளே ஒன்று உடையாமல் நிமிர்ந்து நின்றது. பசி அதைத் தொடவில்லை. மரணம் அதை அசைக்கவில்லை. துன்பம் வந்தாலே மனிதன் தாழ்மையுள்ளவனாகிவிடுவான் என்று நாம் எண்ணுகிறோம். அப்படியல்ல. ஒரே வெயில்தான் மெழுகை உருக்குகிறது, களிமண்ணை இறுக்குகிறது. பாடுபட்டதையே பெருமையாக்கிக்கொள்ளும் இருதயமும் உண்டு. "நான் பட்ட பாடு எவனுக்குத் தெரியும்?" என்று நாம் சொல்லும்போது, அந்தக் குரலில் கண்ணீர் மட்டும் இல்லை, ஒரு கிரீடமும் இருக்கிறது.

ஞானஸ்நானத்திற்குப் பின் எட்டு ஆண்டுகள்

எஞ்சியிருந்த அண்ணன் சீனிவாசனும் ரமாபாயும் ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாய் அலைந்தார்கள். ஜீலம் நதிக்கரையின் குளிர் இரவில் போர்வையின்றி, மணலில் குழிதோண்டிப் படுத்து, உலர்ந்த மணலால் தங்களை மூடிக்கொண்டார்கள். 1878-ஆம் ஆண்டு கல்கத்தா சேர்ந்தபோது நிலைமை மாறியது. இருபது வயதுப் பெண்ணின் சமஸ்கிருத ஞானத்தைச் சோதித்துப் பார்த்த அறிஞர்கள் வியந்து, 'பண்டிதா' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் சூட்டினார்கள். பிச்சை கேட்க வெட்கப்பட்ட நாவுக்கு மேடை மேல் மேடை கிடைத்தது.

ஆனாலும் இழப்பு தொடர்ந்தது. 1880-இல் அண்ணன் மரித்தார். அதே ஆண்டில் வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி மேதாவி என்பவரை மணந்தார். மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1882 பிப்ரவரியில் கணவர் காலராவில் மரித்தார். கைக்குழந்தையோடு விதவையானபோது அம்மையாருக்கு இருபத்து நான்கு வயதும் நிறையவில்லை. 1883-இல் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அமெரிக்கா சென்று, உயர்சாதி இந்துப் பெண்களின் நிலையைக் குறித்து 1887-இல் நூல் வெளியிட்டு, ஆதரவு திரட்டினார். 1889-இல் மும்பையில் சாரதா சதன் என்னும் விதவைகள் கல்வி இல்லத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அது புனேக்கு மாற்றப்பட்டது.

ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் சாட்சியாக இதுவே போதும் என்று நாம் முடித்துவிடுவோம். அம்மையார் முடிக்கவில்லை. ஞானஸ்நானம் பெற்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1891 வாக்கில், தாம் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டடைந்திருந்தும் கிறிஸ்துவையே கண்டடையவில்லை என்று உணர்ந்ததாகத் தம் சாட்சியில் எழுதுகிறார். வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலேயப் போதகர் எழுதிய நூல் ஒன்றை அவர் வாசித்தார். அந்த ஹாஸ்லம் யார்? 1851-இல் கார்ன்வால் பகுதியில், தம் சொந்தப் பிரசங்கபீடத்தில் நின்று பிரசங்கித்துக்கொண்டிருந்தபோதே தாம் இரட்சிக்கப்படாதவர் என்று உணர்ந்து, அங்கேயே மனந்திரும்பியவர்! மற்றவர்களுக்குப் போதித்தவர் தமக்கே போதகரானார்.

ரமாபாய் அம்மையார் தம்மையும் அப்படியே கண்டார். கல்வி இருந்தது, தியாகம் இருந்தது, சேவை இருந்தது, இரண்டு கண்டங்களில் புகழும் இருந்தது. தேவனுக்கு முன்பாக அவற்றில் ஒன்றையும் தம் தகுதியாக நீட்ட முடியாது என்று கண்டார். தாம் உதவியற்ற பாவி, கிருபையையன்றித் தமக்கு வேறு போக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார். அன்றைக்கு வெட்கத்தால் கேட்கத் தயங்கிய அந்த நாவு, இப்பொழுது பிச்சைக்காரியைப் போல் கிருபையைக் கேட்டது. பஞ்சத்தாலும் மரணத்தாலும் உடைக்க முடியாததை ஆவியானவர் இரட்சகருடைய அன்பைக் காட்டி உடைத்தார். நொறுங்குதல் என்பது இதுவே. நம்மிடமிருந்து ஏதோ பறிக்கப்படுவதை மட்டும் அது குறிக்காது. நாம் பிடித்துக்கொண்டிருக்கும் சுய தகுதியைத் தேவசமுகத்தில் நாமே விட்டுவிடுவது அது.

இரண்டு ராஜாக்கள், இரண்டு அறிக்கைகள்

வேதத்தில் இரண்டு ராஜாக்கள் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். தாங்கள் பாவம் செய்ததாகச் சவுலும் சொன்னான், தாவீதும் சொன்னான். ஆனால் சவுல் அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்: ஜனத்தின் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி சாமுவேலிடம் கேட்டான் (1 சாமுவேல் 15:30). அதாவது, பாவத்தை ஒப்புக்கொள்ள ஆயத்தம், மரியாதையை இழக்க ஆயத்தமில்லை.

தாவீதோ நாத்தான் விரலை நீட்டியபோது காரணம் சொல்லவில்லை, பத்சேபாள்மேல் பழி போடவில்லை. 51-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். பலிகளைக் குவித்துத் தேவனைச் சமாதானப்படுத்திவிடலாம் என்ற எண்ணத்தையும் அவன் கைவிடுகிறான். நொறுங்கிய இருதயத்தைத் தேவன் தள்ளமாட்டார் என்பதே அவனுடைய ஒரே நம்பிக்கை. அந்தச் சங்கீதத்தின் தலைப்பைக் கவனித்தீர்களா? இராகத்தலைவனுக்கு அது ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. ராஜாவின் பாவ அறிக்கை சபையார் நடுவே பாடப்படக் கொடுக்கப்பட்டது! சவுல் மறைக்க விரும்பியதைத் தாவீது பாடக் கொடுத்தான். சவுலின் சிங்காசனம் நிலைக்கவில்லை. தாவீதின் சங்கீதமோ இன்றும் எத்தனையோ பாவிகளைத் தேவனிடம் அழைத்துச் செல்லுகிறது.

முக்தியில் பெய்த பின்மாரி

1896-97-ஆம் ஆண்டுகளில் மத்திய மாகாணங்களிலும், 1900-இல் குஜராத்திலும் பஞ்சம் ஏற்பட்டது. தாம் சிறுவயதில் அனுபவித்த பசியை மறவாத அம்மையார், அநாதைச் சிறுமிகளையும் விதவைகளையும் தேடித்தேடிச் சேர்த்தார். கேட்காவ் நிலத்தில் 'முக்தி' உருவானது. அந்தச் சொல்லுக்கு விடுதலை, இரட்சிப்பு என்று பொருள். அங்கே வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ 2,000 ஆனது.

1904-இல் வேல்ஸ் நாட்டில் எழுப்புதல் தொடங்கிய செய்தி எட்டியது. அங்கே கர்த்தர் பயன்படுத்திய ஈவான் ராபர்ட்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த இளைஞர். தம்மை வளைக்கும்படி தேவனிடம் அவர் மன்றாடியதே அவருடைய ஊழியத்தின் தொடக்கம். அம்மையார் 1905 ஜனவரியில், எழுப்புதலுக்காகத் தினந்தோறும் கூடி ஜெபிக்க யார் ஆயத்தம் என்று கேட்டார். சுமார் 70 பேர் முன்வந்தார்கள். நாளடைவில் 550 பேர் நாள்தோறும் இரண்டு வேளை கூடினார்கள். ஜூன் 29, 30 தேதிகளில் ஆவியானவர் இறங்கினார். அம்மையார் தம் வழக்கம்போல் அமைதியாக யோவான் சுவிசேஷத்தின் 8-ஆம் அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பெண்கள் எல்லாரும் ஒருமித்துச் சத்தமிட்டு ஜெபிக்கத் தொடங்க, அவர் தம் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

போதகருடைய பேச்சு நின்ற இடத்தில் ஆவியானவருடைய கிரியை தொடங்கியது. நாமாயிருந்தால், "நான் இன்னும் முடிக்கவில்லையே" என்று ஒலிபெருக்கியை உயர்த்தியிருப்போம். அம்மையார் விலகி நின்றார்.

அங்கே முதலில் வந்தது சந்தோஷம் அன்று, பாவ அறிக்கையும் அழுகையுமே. பிறகுதான் களிகூருதல் வந்தது. அதற்குப் பின் குழு குழுவாய்ச் சுற்றுக் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். முக்தியில் ஊழியம் செய்த மின்னி ஏப்ரம்ஸ் என்ற மிஷனெரி அம்மையார் 1906-இல் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைக் குறித்து எழுதிய சிறு நூலின் பிரதி ஒன்று, தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்த அவருடைய தோழிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே 1909-இல் எழும்பிய பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு அது தூண்டுகோலாயிற்று. பஞ்சத்தில் பொறுக்கியெடுக்கப்பட்ட அநாதைப் பெண்களின் ஜெபம் கடல் கடந்து மற்றொரு தேசத்தைத் தொட்டது!

அசூசா தெருவிலும் இதே வழிதான். அங்கே ஊழியம் செய்த வில்லியம் சீமோர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வை இல்லாதவர். 1905-இல் ஹூஸ்டன் நகரில் வேதபாட வகுப்புக்குச் சென்றபோது, கறுப்பர் வெள்ளையரோடு ஒரே அறையில் அமரக்கூடாது என்ற நிலையினால் வெளியே நடைபாதையில் அமர்ந்தே கேட்டார். எழுப்புதல் நாட்களில், ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்த இரண்டு மரப்பெட்டிகளுக்குள் தலையை மறைத்துக்கொண்டு அவர் ஜெபித்ததை நேரில் கண்டவர் எழுதிவைத்திருக்கிறார். நம் பெந்தெகொஸ்தே வரலாற்றின் தொடக்கத்தில் விளம்பரப் பதாகை இல்லை. முகத்தை மறைத்துக்கொண்ட ஒரு மனிதரும், பேச்சை நிறுத்திக்கொண்ட ஒரு பெண்ணும் இருந்தார்கள்.

தேவன் நொறுக்குவதும் மனிதர் நசுக்குவதும்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நொறுங்குதலைப் பற்றிய போதனையை நம்மிடையே சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு சகோதரி கண்ணீரோடு சொல்லும்போது, "கர்த்தர் உன்னை உடைக்கிறார், பொறுத்துக்கொள்" என்று அனுப்பிவிடுகிறோம். வேலைக்கு அழைத்துவந்து சம்பளத்தைத் தராத ஒப்பந்தக்காரரைப் பற்றி ஒரு தம்பி முறையிட்டால், "தாழ்மையைக் கற்றுக்கொள்" என்கிறோம். பிரியமானவர்களே, இது தேவனுடைய செயலன்று. இது மனிதன் மனிதனுக்குச் செய்யும் பாவம்.

நம் ஆண்டவர் ஏற்கெனவே நசுங்கிய நாணலை ஒடிக்கிறவர் அல்லர் என்று மத்தேயு 12-ஆம் அதிகாரம் சாட்சி சொல்லுகிறது. அவர் உடைப்பது பெருமையை, ஆளை அன்று. ரமாபாய் அம்மையார் இந்த வேறுபாட்டை நன்றாய் அறிந்திருந்தார். தேவனுக்கு முன்பாகத் தம்மை வெறுமையாக்கிய அதே அம்மையார், தலை மழிக்கப்பட்டு மூலையில் தள்ளப்பட்ட இளம் விதவையைப் பார்த்து, "இது உன் சிலுவை" என்று சொல்லவில்லை. அவளுக்கு எழுத்தறிவு கொடுத்தார். நெசவும், தையலும், அச்சுத் தொழிலும் கற்றுக்கொடுத்தார். பார்வையற்றோருக்குப் பிரெய்லி எழுத்தைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். குனிந்த முதுகுகளை நிமிர்த்தினார். தேவனுக்கு முன் முழங்கால் மடங்கியவர், மனிதர் செய்யும் அநியாயத்துக்கு முன் மடங்கவில்லை.

ஆகவே, வீட்டில் அடிபடும் சகோதரியே, நீ மௌனமாய்ச் சாகும்படி தேவன் உன்னை அழைக்கவில்லை. நம்பத்தக்க மூப்பரிடம் சொல். தேவைப்பட்டால் காவல் நிலையத்திற்குப் போ. சட்டத்தின் பாதுகாப்பைத் தேடுவது விசுவாசக் குறைவு அன்று. பவுலே இராயனுக்கு அபயமிட்டார். சபை மூப்பர்களே, நசுக்கப்பட்டவர்களை நிமிர்த்துங்கள். நசுக்குகிறவனிடம் போய் அவனுடைய நொறுங்குதலைப் பற்றிப் பேசுங்கள்.

கண்ணீர் மட்டும் போதாது

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியை நான் நடத்திவந்தேன். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு, உறங்காமல் நேரே சபைக்கு வந்து பிள்ளைகளுக்குக் கற்பித்த ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனையோ. ஓர் ஆண்டு, ஊரிலிருந்து புதிதாய் வந்த இளம் சகோதரர் ஒருவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்புவித்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. "கர்த்தருடைய சித்தம்" என்று சிரித்தேன். பின்பு மூன்று மாதங்கள் அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்துத் தோத்திரம் சொல்லவில்லை.

அந்த நாட்களில் நடந்த உபவாசக் கூட்டத்தில் என்னைப்போல் அழுதவர் எவருமில்லை. தரையில் விழுந்து கதறினேன். பக்கத்திலிருந்தவர்கள் நான் நொறுங்கிவிட்டதாகவே எண்ணியிருப்பார்கள். உண்மையில் நான் எனக்காக அழுதேன். என் உழைப்புக்குக் கிடைக்காத மரியாதைக்காக அழுதேன். அது சவுலின் கண்ணீர்.

ஒரு நாள் திருவிருந்தில் அப்பம் பிட்கப்படுவதைப் பார்த்தேன். எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்று மட்டும் கை நீட்ட முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் அந்தத் தம்பி குடியிருந்த சால் வீட்டைத் தேடிப் போனேன். மூன்றாம் மாடி. படியேறும்போது கால்கள் கனத்தன. கதவைத் திறந்த அவர் பதறி, "அண்ணே, வாங்க, வாங்க" என்று பாயை விரித்தார். "தம்பி, உன்மேல் பொறாமைப்பட்டேன், மன்னித்துக்கொள்" என்று சொல்லி முடிக்குமுன் தொண்டை அடைத்துவிட்டது. அவரும் அழுதார். அவருடைய மனைவி ஒன்றும் விளங்காமல் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கூட்டத்தில் மணிக்கணக்காய்ச் சிந்திய கண்ணீர் தராத சமாதானத்தை அந்த மூன்று மாடிப் படிகள் தந்தன. பொறுப்பு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் அவருக்குக் கீழே சிறு பிள்ளைகளின் வகுப்பை எடுத்தேன். ஊழியத்தில் நான் மகிழ்ந்திருந்த ஆண்டுகள் அவையே.

நீங்களும் உங்களைச் சோதித்துப் பாருங்கள். கடைசியாக நீங்கள் எவரிடம், காரணம் சேர்க்காமல், மன்னிப்புக் கேட்டீர்கள்? மனைவியிடமா, பிள்ளையிடமா, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமா? உங்களைவிடச் சிறியவர் உங்கள் தவற்றைச் சுட்டிக்காட்டும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது? ஊருக்குப் போகும்போது, பட்டணத்தில் சம்பாதித்ததைக் காட்டும் ஆசை உங்கள் பெட்டியில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளுகிறது? ஊரில் அண்ணன் தம்பியோடு பேசாமல் எத்தனை ஆண்டுகளை ஒரு வரப்புக்காகக் கழித்துவிட்டீர்கள்? அபிஷேகம் பெற்றதாகச் சொல்லும் நாவு, "என் தவறுதான்" என்று சொல்லக் கற்றிருக்கிறதா?

எது ஆசீர்வாதம்?

நொறுங்கினால் ஆசீர்வாதம் வரும் என்கிறோம். உடனே நம் மனம் சொந்த வீட்டையும், பிள்ளையின் வெளிநாட்டு வேலையையும் எண்ணுகிறது. அவற்றைத் தேவன் தரலாம், தராமலும் இருக்கலாம். ரமாபாய் அம்மையாரின் பிற்கால வாழ்வைப் பாருங்கள். செவிப்புலன் குறைந்தது. ஊழியத்தில் வலது கரமாயிருந்த ஒரே மகள் மனோரமா 1921 ஜூலையில் மரித்தார். நொறுங்கியவர்களுக்கு இழப்பே வராது என்ற வாக்குத்தத்தம் வேதத்தில் இல்லை.

அப்படியானால் அவர் பெற்ற ஆசீர்வாதம் எது? தம் வாழ்நாளின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர் எபிரெய, கிரேக்க மூலங்களிலிருந்து முழு வேதாகமத்தையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். சமஸ்கிருதத்தில் 'சரஸ்வதி' பட்டம் பெற்றவர் எத்தனை அலங்காரமான நடையில் எழுதியிருக்கலாம்! ஆனால் அவர் தேர்ந்துகொண்டது எளிய மராத்தி. பள்ளிக்கே போகாத கிராமத்துப் பெண் கேட்டவுடனே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். தமக்குப் பட்டம் வாங்கித் தந்த மொழியின் ஆடம்பரத்தை அவர் அந்தப் பெண்ணின் நிமித்தம் கழற்றி வைத்தார். அப்பணி முடிவுக்கு வந்த காலத்திலேயே, 1922 ஏப்ரல் 5-ஆம் தேதி, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். முக்தியின் பெண்களே தங்கள் அச்சகத்தில் அதை அச்சிட்டார்கள். 1924-இல் முழு வேதாகமமும் வெளிவந்தது. பஞ்சத்தில் சாக வேண்டியிருந்த கைகள் ஜீவ வார்த்தையை அச்சுக்கோத்தன!

ஆண்டவர் ஐந்து அப்பங்களை ஆசீர்வதித்தார், பின்பு பிட்டார், பிட்டபோதே அவை பெருகின. முழுதாய் இருந்த அப்பம் ஒரு சிறுவனின் பசிக்கு மட்டுமே போதுமானது. பிட்கப்பட்டபோது ஐயாயிரம் பேர் உண்டார்கள். பிறருக்கு உணவாகும்படி தேவன் நம்மைப் பயன்படுத்துவதே மெய்யான ஆசீர்வாதம். ஒரு துண்டு ரொட்டி கேட்க முடியாமல் நின்ற பெண்ணின் கையால், 2,000 பேர் ரொட்டி உண்டார்கள் அல்லவா?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, புனேயைக் கடந்ததும் ஜன்னலோரம் பாருங்கள். கேட்காவ் என்ற பலகை தெரிந்தால், பிள்ளைகளை அழைத்துக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த இல்லம் இன்றும் அங்கே இயங்குகிறது. பின்பு கண்களை மூடி, நீங்கள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவருடைய பெயரைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். ஒருவேளை அவர் நீங்கள் இறங்கப்போகும் ஊரிலேயே இருக்கலாம்.

ஜெபிப்போம்

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பாடுகளையும் ஊழியத்தையும் எங்களுக்குக் கிரீடமாக்கிக்கொண்டதை மன்னியும். எங்கள் பெருமையை உம்முடைய அன்பினால் உடைத்தருளும். மனிதரால் நசுக்கப்பட்டிருக்கிற எங்கள் சகோதர சகோதரிகளை நிமிர்த்தும். அவர்களை நிமிர்த்தும் கைகளாக எங்களை மாற்றும். வெறுங்கையாய் உம்மிடம் வருகிறோம். எங்களைப் பிட்டுப் பலருக்குப் பரிமாறும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.